வட்டமாக வரைந்த சக்கரப் புட்டா தறியில் நீண்டுவிடுவது ஏன்?

கேள்வி (நெசவு மாணவி):
வணக்கம். காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுத்தறிக்காக, சாதாரணக் கட்டத்தாளில் அகலம் 60, உயரம் 60 கட்டங்கள் கொண்ட சக்கரப் புட்டா (சேலையில் நெய்யும் தனி உருவம்) ஒன்றை வரைந்து, அதன்படியே தறிக்கான துளை அட்டையும் குத்திக் கொடுத்தேன். சேலையின் உடலில் அது கோழிமுட்டை போல நீண்டு வந்திருக்கிறது. இழைகளைச் சீப்புபோல் பிரித்து வைக்கும் அச்சையோ சரிகையையோ தாம் மாற்றவில்லை என்கிறார் நெசவாளர். பிழை எங்கே?

பதில் 1 (பழைய டிசைனர்):
பிழை தாளில்தான் இருக்கிறது. துளை அட்டைகளின்படி இழைகளைத் தூக்கும் கருவியான ஜக்கார்டில், அகலவாக்கில் ஒவ்வொரு கட்டமும் பாவு இழைகளை (சேலையின் நீளவாக்கில் ஓடுபவை) தூக்கும் ஒரு கொக்கி. உயரவாக்கில் ஒவ்வொரு வரிசையும் ஓர் அட்டை. ஓர் அங்குலத்தில் 60 கொக்கிகளின் பாவு இழைகளும் 48 சரிகை வரிசைகளும் அமைகின்றன என்று வைத்துக்கொண்டால், உங்கள் சக்கரத்தின் அகலம் ஓர் அங்குலத்தில் முடிந்துவிட, உயரம் ஒன்றேகால் அங்குலத்துக்கு ஏறிவிடும். அந்தத் தறிக்கு வட்டத்தை 48 வரிசைகளில் முடித்திருக்க வேண்டும். சரிகை வரிசைகளை மட்டும் எண்ணுங்கள்; இடையில் குறுக்காக ஓடும் பட்டு ஊடை இழையையும் சேர்த்தால் கணக்கு கெட்டுவிடும்.

பதில் 2 (தறிக்காரர்):
ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். தாமரை இதழ் முழுவதையும் சரிகையால் நிரப்பிய தாள் ஒன்று எங்கள் வீட்டுத் தறிக்கு வந்தது. நடுவில் கட்டுப்புள்ளிகள் (பாவு இழை சரிகையின் மேலேறி அதைப் பிடிக்கும் இடங்கள்) வைக்காததால் சரிகை பாவில் பிடிபடாமல் மேலே மிதந்து, சேலையை மடிக்கும்போதே என் மனைவியின் வளையலில் மாட்டி இழுபட்டது. தாளில் அழகாகத்தான் இருந்தது!

மாணவி:
இருவருக்கும் நன்றி. அடுத்து அன்னம் வரைய இருக்கிறேன். அதற்கும் இதே கணக்குதானா?

பதில் 3 (பழைய டிசைனர்):
கணக்கு அதேதான், திசையைத்தான் கவனிக்க வேண்டும். சேலையை உடுத்தும்போது கொசுவத்திலும் கரையிலும் பாவு இழை படுக்கையாகச் சுற்றி வருகிறது. தோளிலிருந்து தொங்கும் முந்தானையிலோ அது மேலிருந்து கீழாக விழுகிறது. ஆகவே உடலுக்கான அன்னத்தைத் தாளில் படுக்கவைத்தும், முந்தானைக்கான அன்னத்தை நிற்கவைத்தும் வரைய வேண்டும். முந்தானையை முதலில் நெய்வாரா, கடைசியில் நெய்வாரா என்று நெசவாளரிடம் கேட்ட பிறகு அன்னத்தின் தலை எந்தப் பக்கம் என்று முடிவு செய்யுங்கள். கேட்காமல் அட்டை குத்தினால் அது தலைகீழாகத் தொங்கக்கூடும்.