புது ஃபிரிட்ஜ் சத்தம்: தெரிந்தவர்கள் வழி சொல்லுங்கள்

வணக்கம். நாங்கள் மதுரை திருநகர்ப் பக்கம். டபுள் டோர், இன்வெர்ட்டர் கம்ப்ரசர் ஃபிரிட்ஜ் ஒன்று புதிதாக வாங்கினோம். ராத்திரியானால் பின்பக்கம் கீழேயிருந்து கடகடவென்று ஓர் அதிர்வு. பக்கத்து அறையில் படுக்கும் அம்மாவுக்குத் தூக்கமே இல்லை. அதுதான் எனக்குப் பெரிய கவலை.

குழாயில் கேஸ் ஓடும் சலசலப்பும், குளிரில் பிளாஸ்டிக் சுருங்கும்போது வரும் 'டக்' சத்தமும் எல்லா ஃபிரிட்ஜிலும் உண்டு. நான் கேட்பது அதை இல்லை. கதவைத் திறந்ததும் உள்ளே ஃபேன் நின்றுவிடுகிறது, இந்தச் சத்தம் நிற்கவில்லை. ஆனால் பின்னால் கம்ப்ரசர் மேல் இருக்கும் தண்ணீர்த் தட்டை லேசாக அமுக்கிப் பிடித்தால் சட்டென்று குறைகிறது. கையை எடுத்தால் மறுபடியும் ஆரம்பம்.

ரசமட்டம் வைத்து முன்கால்களைத் திருகிச் சரிசெய்தாயிற்று. சுவரிலிருந்தும் நன்றாகத் தள்ளித்தான் இருக்கிறது. சர்வீஸ் ஆள் வந்து, "புதுசுல அப்படித்தான், போகப்போகச் சரியாயிரும்" என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கு மனம் ஒப்பவில்லை. நம் ஊர் வெயிலில் பகலில் கம்ப்ரசர் கூடுதலாக ஓடும், சரி, ராத்திரியிலுமா இப்படி?

தட்டு லூசாக இருக்குமா, கம்ப்ரசருக்கு அடியில் உள்ள ரப்பர் புஷ் சரியாக உட்காரவில்லையா? நானே தட்டை இறுக்கினால் வாரண்டிக்குப் பிரச்சினை வருமா? நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுத்து ஃபிரிட்ஜை மாற்றி வாங்கியவர்கள் இருந்தால், என்னென்ன ஆதாரம் கேட்டார்கள் என்று சொல்லுங்கள். சத்தத்தை வீடியோ எடுத்து வைத்திருக்கிறேன், கேட்டால் போடுகிறேன்.