‘அச்சப்படத் தேவையில்லை’ என்று எழுதிக் கொடுத்த நாள்

பல ஆண்டுகள் அரசு அறிக்கைகளை மொழிபெயர்க்கும் பணியில் இருந்தேன். ஒரு தொற்று பரவத் தொடங்கிய வேளையில் என்னிடம் வந்த வரைவில் இதுவரை தெரிந்தவை, இன்னும் தெரியாதவை, மக்கள் செய்ய வேண்டியவை என்று மூன்று பத்திகள் இருந்தன. மேலிடத்துக்குப் போய்த் திரும்பியபோது நடுப்பத்தி அடிக்கப்பட்டு, ‘நிலைமை முழுக் கட்டுப்பாட்டில் உள்ளது, பொதுமக்கள் அச்சப்படத் தேவையில்லை’ என்று எழுதப்பட்டிருந்தது. அடித்தவருக்குக் கெட்ட எண்ணம் இல்லை. தெரியாது என்று சொன்னால் பீதி பரவும் என்று மனதார நம்பினார். நானும் மறுத்துப் பேசாமல் மொழிபெயர்த்துக் கொடுத்தேன். அடுத்த வாரமே நோயாளிகளின் எண்ணிக்கை ஏறியது. அதன்பின் நாங்கள் சொன்ன சரியான தகவல்களைக்கூட மக்கள் நம்பத் தயங்கினார்கள். அந்த மௌனம் இன்றும் என்னை உறுத்துகிறது.

பிரிட்டனில் மாடுகளின் மூளையைத் தாக்கும் ‘மேட் கவ்’ நோய் பரவிய காலத்தைப் பற்றிப் பிற்பாடு படித்தபோது, எங்கள் வரைவே நினைவுக்கு வந்தது. மாட்டிறைச்சியால் ஆபத்தில்லை என்று காட்டுவதற்காக 1990இல் வேளாண் அமைச்சர் கேமராக்களின் முன் தம் மகளுக்குப் பர்கர் கொடுத்தார். 1996 மார்ச் 20 அன்று, மனிதருக்கு வந்த புதிய மூளை நோய்க்கும் அந்த மாட்டு நோய்க்கும் தொடர்பு இருக்கக்கூடும் என்று அரசே நாடாளுமன்றத்தில் அறிவிக்க நேர்ந்தது. அந்த நோயை அரசு கையாண்ட விதத்தை ஆராய்ந்து 2000இல் வெளிவந்த பிலிப்ஸ் விசாரணை அறிக்கை, அரசு மக்களிடம் பொய் சொல்லவில்லை என்றும், ஆனால் பீதியைத் தடுப்பதிலேயே குறியாக இருந்து ஆறுதல் சொல்லிவந்தது தவறு என்றும் கூறியது. பொய்யே சொல்லாமலும் நம்பிக்கையை இழக்க முடியும் என்பதை அங்குதான் புரிந்துகொண்டேன்.

மற்றொருவரின் பகிர்வு:

எனக்கு நேர்ந்தது இதற்கு நேர்மாறானது. நான் ஒரு சுகாதார அலுவலகத்தில் பணியாற்றுகிறேன். கொரோனா தொற்றை உலக சுகாதார நிறுவனம் 2020 ஜனவரி 30 அன்றே ‘சர்வதேசக் கவலைக்குரிய பொதுச் சுகாதார அவசரநிலை’ என்று அறிவித்துவிட்டது. பன்னாட்டு சுகாதார விதிகளின்படி அப்போது அதைவிட வலுவான எச்சரிக்கை வேறு கிடையாது. ஆயினும் அது குறித்து வந்த சுற்றறிக்கை எங்கள் கோப்பில் உறங்கியது. மார்ச் 11 அன்று, அவ்விதிகளில் அப்போது இடம்பெறாத ‘பெருந்தொற்று’ என்ற சொல்லை அந்நிறுவனத்தின் தலைவர் உச்சரித்த பிறகுதான் எங்களிடம் அவசரக் கூட்டம் கூடியது. நீண்ட தொடருக்குள் புதைந்த அபாயம் எங்கள் காதில் ஏறவில்லை. அதனால்தான் இப்போது நான் எழுதும் அறிவிப்புகளின் முதல் வரியிலேயே யார், எப்போதிலிருந்து, எதைச் செய்ய வேண்டும் என்பதைச் சொல்லிவிடுகிறேன். தெரியாதவற்றையும், அடுத்த தகவல் எத்தனை மணிக்கு வரும் என்பதையும் அதன் கீழேயே எழுதுகிறேன்.