அப்டேட்: அப்பாவோட ஆஸ்பத்திரி க்யூ விஷயம்

போன வாரம் எழுதியிருந்தேன்ல, எங்கப்பா முட்டி வலியோட அரசு ஆஸ்பத்திரில ஓபி சீட்டுக்கு 2 மணி நேரம் நின்னாரு, தனி வரிசை கேட்டா அப்படி எதுவும் இல்லன்னுட்டாங்கன்னு. நீங்க சொன்ன 2007 பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்த எடுத்துப் பாத்தேன், 20வது பிரிவுலயே 60 வயசு ஆனவங்களுக்கு தனி வரிசை, முடிஞ்ச வரைக்கும் படுக்கைன்னு தெளிவா இருக்கு. (அந்த 'முடிஞ்ச வரைக்கும்' தான் இடிக்குது, நழுவறதுக்குன்னே வெச்ச மாதிரி.) சண்டையெல்லாம் போடல, அந்தப் பக்கத்த பிரிண்ட் எடுத்து மனுவோட குடுத்தேன். நேத்து போனா ஓரத்து கவுன்ட்டர்ல 'மூத்த குடிமக்கள்'னு பேனால எழுதி செலோடேப் போட்டு ஒட்டிருக்காங்க, ஒரு மூலை அப்பவே பிஞ்சு தொங்குது. 20 நிமிஷத்துல சீட்டு கெடச்சிருச்சு. மாத்திரை வாங்கற எடத்துல மட்டும் பழைய கதை தான், அதுக்கு இன்னொரு மனு எழுதிட்டு இருக்கேன்.