காயலான் கடையில் கிடைக்கிற புகையிலை பைப்புக்கு வயசு பார்ப்பது எப்படி? (பேசுறவங்களை அவங்கவங்க ஏரியா பேரில் குறிச்சிருக்கு.)

ராயபுரம்:
வண்ணாரப்பேட்டை காயலான் கடையில் ஆகட்டும், பெரம்பூரில் பழைய ரயில்வே குடும்பம் வீடு காலி பண்ணும்போது ஆகட்டும், பைப் கைக்கு வந்ததும் தேய்க்க ஆரம்பிக்காதீங்க. ஷாங்கில், அதாவது புகையிலை போடும் கிண்ணத்திலிருந்து நீளும் மரத் தண்டில், குத்தின எழுத்துதான் ஆதாரம். பாலிஷ் போட்டாலே மழுங்கும், உப்புத்தாள் பட்டால் போச்சு. முகப் பவுடரை விரலால் தடவி, டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்து, 10 மடங்கு லென்ஸில் படிங்க. போட்டோ எடுத்த பிறகு சுத்தம் பண்ணலாம். வாயில் வைக்கிற ஸ்டெம் இறுகியிருந்தால் அரை மணி நேரம் ஃப்ரீசரில் வைங்க. ஸ்டெம் செய்யும் வல்கனைட், அதாவது கெட்டிப்படுத்தின ரப்பர், மரத்தைவிட அதிகமாகச் சுருங்கும், பிடி தளரும். ரொம்பப் பழசில் ஸ்டெம்மை ஷாங்கோடு சேர்க்க எலும்புத் திருகு இருக்கும், இழுத்தால் உடையும், திருகித்தான் கழற்றணும்.

மண்ணடி:
ஷாங்கில் வெள்ளி வளையம் இருந்தால் பாதி வேலை முடிஞ்சது. அதில் இங்கிலாந்து ஹால்மார்க், அதாவது வெள்ளியைச் சோதித்துக் குத்தும் முத்திரை, இருக்கான்னு பாருங்க. நடக்கிற சிங்கம் என்றால் 92.5% ஸ்டெர்லிங். சோதித்த ஊருக்கும் சின்னம் உண்டு: நங்கூரம் பர்மிங்காம், சிறுத்தைத் தலை லண்டன். வாளும் மூணு கோதுமைக் கட்டும் செஸ்டர். அந்த ஊர்ச் சோதனை அலுவலகம் 1962-ல் மூடினதால் அதுக்கு மேல் போகாது. கூட இருக்கிற ஒற்றை எழுத்துதான் வருஷம். ஆனால் அதே எழுத்து சுற்றிச் சுற்றி வரும், எழுத்து வடிவத்தையும் கேடய வடிவத்தையும் சேர்த்துப் பார்க்கணும். லண்டன் பட்டியலை வைத்து பர்மிங்காம் எழுத்தைப் படித்தால் வருஷம் தப்பாகத்தான் வரும்.

பீட்டர்சன் என்ற அயர்லாந்து கம்பெனி பைப்பின் நிக்கல் வளையத்தில் ஷாம்ராக் இலை, வேட்டை நாய், வட்டக் கோபுரம்னு மூணு சின்னம் வரும். ஹால்மார்க் மாதிரியே இருக்கும், வெறும் அலங்காரம். விற்கிறவங்க "வெள்ளி சார்"னு சொல்றது இதைத்தான்.

பெரம்பூர்:
அண்ணே, வளையம் தன் வயசைத்தான் சொல்லும். ஷாங்க் வெடித்தால் ரிப்பேருக்குப் போடுவதும் வளையம்தானே. அது எழுத்தின் மேலே ஏறி உட்கார்ந்திருந்தால் பிற்பாடு போட்டதுன்னு வைங்க. ஒவ்வொரு பாகத்துக்கும் தனி வருஷம் எடுங்க. ஒத்துப்போகலைன்னா ஒட்டுப்போட்ட பைப்.

பைப்பில் குத்தின நாட்டுப் பெயரும் உதவும். ஐரிஷ் ஃப்ரீ ஸ்டேட் என்ற நாடு (இப்போதைய அயர்லாந்து) 1922 முதல் 1937 வரைதான். டன்ஹில் என்ற இங்கிலாந்து கம்பெனி பைப்பில் பேடென்ட் எண் 417574/34 இருந்தால், 34 என்பது பேடென்ட் வருஷம். பைப் அதுக்கு முன்னால் செய்ததில்லைங்கறது மட்டும்தான் அதில் தெரியும். செய்த வருஷத்துக்கு 'மேட் இன் இங்கிலாந்து' பக்கத்தில் இருக்கிற குட்டி இலக்கத்தைத் தேடுங்க.

காசிமேடு:
ஸ்டெம் பச்சையாகிப் போனதை வைத்து "நூறு வருஷம்"னு விலை சொல்றாங்க. வல்கனைட்டில் கந்தகம் இருக்கு, வெயிலில் வைத்தால் புது ஸ்டெம்மும் நிறம் மாறும். அதுக்குக் காசு கொடுக்காதீங்க.

திருவொற்றியூர்:
களிமண் பைப் துண்டாக இருந்தால் வழியே வேற. ஹாரிங்டன் என்ற அமெரிக்கத் தொல்லியல் அறிஞர் 1954-ல் போட்ட கணக்குப்படி தண்டின் துளையை அளக்கணும். டிரில் பிட்டின் பின்புறத்தை, வெட்டுற முனையை இல்லை, உள்ளே விட்டுப் பாருங்க. 9/64 அங்குலம் என்றால் 1590–1620, 7/64 என்றால் 1650–1680, 4/64 என்றால் 1750–1800. ஒற்றைத் துண்டை வைத்துச் சொல்லவே கூடாது, நிறைய துண்டுகளின் சராசரி வேணும். இது ஆங்கிலேயக் குழாய்க்கான கணக்கு. பழவேற்காடு ஒரு காலத்தில் டச்சுக்காரங்க இருந்த ஊர், அந்தப் பக்கத்துத் துண்டு என்றால் துளையை விட்டுடுங்க. கிண்ணத்தின் அடியில் நீட்டிக்கிட்டிருக்கும் குதிகாலில், களிமண் பைப் செய்த டச்சு ஊரான கௌடாவின் முத்திரை இருக்கான்னு பாருங்க.