தோல் செல்லிலிருந்து காண்டாமிருகக் கன்று: எந்தப் படியில் நிற்கிறது?

கேள்வி: கானகன்

சூடான் என்ற கடைசி ஆண் 2018 மார்ச்சில் கென்யாவின் ஓல் பெஜேட்டா காப்பகத்தில் இறந்த பின், வடக்கு வெள்ளைக் காண்டாமிருகங்களில் நஜின், ஃபாத்து என்ற தாயும் மகளும் மட்டுமே எஞ்சியுள்ளன. இரண்டாலும் கருவைச் சுமக்க இயலாது. ஃபாத்துவின் தோல் செல்களிலிருந்து 2011-லேயே குருத்தணுக்களை (எந்த வகைச் செல்லாகவும் மாறக்கூடிய செல்கள்) உருவாக்கிவிட்டதாகப் படித்தேன். பத்தாண்டுகளுக்கு மேலாகியும் அவற்றிலிருந்து கன்று பிறக்காதது ஏன்? ஃபாத்துவிடமிருந்தே கருமுட்டை எடுத்து, உறைய வைத்த விந்தோடு சேர்த்துக் கரு உருவாக்குகிறார்களே, பிறகு குருத்தணு எதற்கு?

மறுமொழி: நுண்ணோக்கி

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். நஜினிடமிருந்து முட்டை எடுப்பதை 2021-இல் நிறுத்திவிட்டார்கள். எனவே இப்போது உருவாகும் கருக்கள் அனைத்துக்கும் தாய் ஃபாத்து ஒன்றுதான். பிறப்பவை யாவும் ஒருதாய் மக்களாகவே இருக்கும். அமெரிக்காவின் சான் டியேகோ நகரிலுள்ள உறைநிலைச் செல் வங்கியிலோ 12 தனித்தனி வடக்கு வெள்ளைக் காண்டாமிருகங்களின் செல்கள் உள்ளன. அவற்றை முட்டையாகவும் விந்தாகவும் மாற்ற முடிந்தால், எப்போதோ இறந்த விலங்குகளும் பெற்றோராகலாம். குருத்தணுவை நாடுவது இந்த மரபணு வேறுபாட்டுக்காகவே.

மறுமொழி: செல்வளர்ப்பு

நான் செல் வளர்ப்பு ஆய்வகத்தில் பணிபுரிபவன் என்பதால் முதல் கேள்வியை எடுத்துக்கொள்கிறேன். தோல் செல்லைக் குருத்தணுவாக்குவதே பெரிய தடை என்று பலரும் எண்ணுகிறார்கள். நான்கு மரபணுக்களைச் செலுத்தி அதைச் செய்யலாம் என்று ஜப்பானிய அறிவியலாளர் யமனாக்கா 2006-இல் எலிச் செல்களில் காட்டிய பின், அந்தப் படி ஓரளவு வசப்பட்டுவிட்டது. சிக்கல் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. குருத்தணு முதலில் இனப்பெருக்கச் செல்லின் முன்னோடியாக மாற வேண்டும். பின்னர் தன் மரபணுக்களின் மேலுள்ள பழைய வேதிக் குறிகளை அழித்து, குன்றல் பகுப்புக்கு (குரோமோசோம் எண்ணிக்கையைப் பாதியாக்கும் செல் பிரிவு) உட்பட்டு, முட்டையாக முதிர வேண்டும். ஜப்பானிய ஆய்வாளர் ஹயாஷியின் குழு 2016-இல் எலியில் இந்தப் பாதை முழுவதையும் குடுவைக்குள்ளேயே கடந்து குட்டிகளைப் பெற்றது. ஆனால் உருவான கருக்களில் மிகச் சிலவே குட்டிகளாயின. 2022-இல் அவர்கள் காண்டாமிருகத்தின் முன்னோடிச் செல்களையும் உருவாக்கினார்கள்.

அவை முட்டையாக முதிர, சூலகத்தின் துணைச் செல்கள் சூழ்ந்திருக்க வேண்டும். எலிச் சோதனையில் அந்தச் செல்களை எலிக் கருவின் சூலகத்திலிருந்து எடுத்தார்கள். வடக்கு வெள்ளைக் காண்டாமிருகத்தின் கருவுக்கு எங்கே போவது? ஆகவே துணைச் செல்களையும் குருத்தணுவிலிருந்தே உருவாக்க வேண்டியுள்ளது. என் கணிப்பில், காலதாமதத்துக்கு முதன்மையான காரணம் இதுதான்.

மறுமொழி: வனவாசி

முட்டை கிடைத்தாலும் கருப்பை வேண்டுமே. தெற்கு வெள்ளைக் காண்டாமிருகத்தை வாடகைத் தாயாக்கி, அதே இனத்தின் சோதனைக்குழாய்க் கருவை 2023 செப்டம்பரில் செலுத்தினார்கள். கருவும் தங்கியது, ஆனால் அந்தத் தாய் கர்ப்பத்தோடு தொடர்பில்லாத ஒரு பாக்டீரியத் தொற்றில் இறந்தது. வயிற்றில் 70 நாள் வளர்ந்த, 6.4 செ.மீ. நீள ஆண் கரு இருந்தது. கர்ப்பகாலம் ஏறத்தாழ 16 மாதங்கள் என்பதால், எலியில் சில வாரங்களில் தெரியும் விடைக்கு இங்கே ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். கொம்புக்கான வேட்டையை ஆய்வகம் தடுக்காது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

மறுமொழி: கானகன்

தெளிவான விளக்கங்களுக்கு நன்றி. அப்படியானால் இன்று உயிரோடுள்ள பிற அரிய விலங்குகளுக்கு இப்போதே செய்யக்கூடியது என்ன?

மறுமொழி: செல்வளர்ப்பு

தோலைச் சேமிப்பது. சிகிச்சைக்காக மயக்கமூட்டும்போதே காதோரத்தில் ஒரு சிறு துணுக்கை எடுத்துவிடலாம். அதைப் பொடியாக நறுக்கி வளர்ப்புத் தட்டில் ஒட்டவைத்தால், துணுக்கின் விளிம்பிலிருந்து நீண்ட செல்கள் மெல்லப் படர்ந்து வெளிவரும். தட்டு நிரம்பியதும் அவற்றைப் பிரித்துக் குப்பிகளில் இட்டு, மைனஸ் 196 டிகிரி செல்சியஸ் உறைகுளிரில் திரவ நைட்ரஜனில் வைக்கலாம். இறந்த விலங்கிலிருந்தும் எடுக்கலாம். ஆனால் உடல் அழுகத் தொடங்குமுன் எடுத்தாக வேண்டும்.