ஆஸ்பத்திரி ஸ்டாஃபுக்கு வெல்னஸ் வாரம் நடத்தச் சொல்லுதாவ. யோகாவுக்கு யாரும் வரல. வேற என்ன செய்யலாம்?

மேல்மாடி ஆபீஸ் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். சேரன்மாதேவி பக்கம் ஒரு டிரஸ்ட் ஆஸ்பத்திரியில ஆபீஸ் வேலை பாக்கேன். பெரிய ஆஸ்பத்திரி இல்ல. பிரசவம், காய்ச்சல், சுகர், பாம்புக்கடி, வயல்ல மருந்தடிக்கப் போயி மயங்குனவங்க, இப்படித்தான் வரும். கை மீறிப் போச்சுன்னா ஹைகிரவுண்டுக்கு (பாளையங்கோட்டை பெரிய கவர்ன்மெண்ட் ஆஸ்பத்திரி) அனுப்பிருவோம். நர்ஸ், லேப், பார்மசி, ஆம்புலன்ஸ், ஹவுஸ்கீப்பிங், சமையல், வாட்ச்மேன் எல்லாம் சேத்து நூறு பேருக்கு மேல இருக்கோம்.

எங்க செயலாளர் அண்ணாச்சி மதுரைக்குப் போயி ஒரு பெரிய ஆஸ்பத்திரியைச் சுத்திப் பாத்துட்டு வந்தாவ. அங்க ஸ்டாஃபுக்குன்னே மாசாமாசம் ஒரு பக்கம் செய்தி ஒட்டுதாங்களாம், வெல்னஸ் வாரமும் நடத்துதாங்களாம். வந்ததும் வராததுமா, “தாயி, ஆகஸ்ட்ல நம்மளும் நடத்திருவோம், செய்திப் பக்கமும் நீயே போட்டுரு”ன்னு என் தலையில கட்டிட்டாவ. பணம் எவ்வளவுன்னு கேட்டேன். “பாத்துக்கிடலாம்”னாவ. நானும் அதுக்கு மேல கேக்கல.

ஜூன் 21 யோகா தினத்துக்கு ஏற்கெனவே ஒரு கூத்து நடந்துச்சு. காலையில 6.30-க்கு வகுப்பு வச்சாங்க. நைட் டூட்டி 7.30-க்குத்தான் இறங்கும். காலை டூட்டிக்காரங்க வீரவநல்லூர்லயும் முக்கூடல்லயும் பஸ்ஸுக்கு நிப்பாங்க. பெறவு யார் வருவா? மாஸ்டர், எலும்பு டாக்டர், வாட்ச்மேன் தாத்தா, நான். போட்டோவுல ஆள் தெரியணுமேன்னு வார்டுல பேஷண்டுக்குத் துணைக்கு வந்தவங்களையும் பாயில உக்கார வச்சாங்க. அதுல ஒரு ஆத்தாதான் உள்ளதிலேயே நல்லாச் செஞ்சா.

செய்திப் பக்கத்துக்கு நான் சேத்து வச்சிருக்கது: ஆம்புலன்ஸ் டிரைவர் அண்ணன் வீட்டுப் பால்காய்ச்சு. லேப் தங்கச்சிக்கு ரெட்டைப் பிள்ளை. லேபர் வார்டு ஆயாம்மா இந்த மாசக் கடைசியில ரிட்டயர் ஆகுதா. ஒரு ஸ்டாஃப் நர்ஸுக்கு எம்.ஆர்.பி. (கவர்ன்மெண்ட் ஆஸ்பத்திரிக்கு ஆள் எடுக்குற வாரியம்) பரீட்சையில கவர்ன்மெண்ட் வேலை கிடைச்சிருக்கு. கடைசிச் செய்தியைப் போடக்கூடாதுங்காவ அண்ணாச்சி. பாத்துட்டு மத்தவங்களும் பரீட்சை எழுதிருவாங்களாம்!

என்ன செஞ்சா ஆளுங்க மனசார வருவாங்க? எந்த நேரத்துல வைக்கணும்? செய்திப் பக்கத்துல எதைப் போடலாம், எதைப் போடக்கூடாது? அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

---

இரவுப்பணி எழுதியது:

பாளையங்கோட்டையில பிரைவேட் ஆஸ்பத்திரி, ஐ.சி.யூ. எனக்கு யோகாவும் வேண்டாம், ஜூம்பாவும் வேண்டாம் அக்கா.

ராத்திரி 7.30-க்கு உள்ள போனா காலையில 7.30-க்கு வெளிய. கேன்டீனை 10 மணிக்குப் பூட்டிருவாங்க. மூணு மணிக்கு கண்ணு செருகும்போது கையில இருக்கது பிஸ்கட் பாக்கெட்தான். ஒரு பிளாஸ்க் சுக்குக் காப்பி வச்சாலே கும்பிடுவோம்.

அதை விடப் பெரிய விஷயம் தண்ணி. குடிச்சா பாத்ரூம் போவணும். போனா மானிட்டர் அலறும்போது கட்டில் பக்கம் ஆள் இருக்காது. அதனால குடிக்கதே இல்ல. எங்க யூனிட்ல நீர்க்கடுப்பு வராத சிஸ்டரைத் தேடித்தான் பிடிக்கணும். இந்த வெயிலுக்கு ரெண்டு பேருக்குக் கல்லும் சேந்து வந்துருக்கு. உங்க நைட் சூப்பர்வைசர் ரவுண்ட்ஸ் வரும்போது ஒவ்வொரு வார்டுலயும் பத்து நிமிஷம் உக்காந்து “நான் பாத்துக்கிடுதேன், நீ போயிட்டு வா”ன்னு சொல்லட்டும். காசு செலவே கிடையாது.

இன்னொண்ணு. நைட் முடிச்சவங்களை 10 மணி வகுப்புக்கு நிறுத்தி வைக்காதீங்க. போன வருஷம் எங்களுக்கு மன அழுத்தத்தைக் குறைக்க எப்படின்னு வகுப்பு எடுத்தாங்க. நைட் முடிச்ச உடனே. பாதிப் பேர் தூங்கிட்டோம், தூங்கினதுக்கு மெமோ கொடுத்தாங்க.

---

தகடுக்காரன் எழுதியது:

நான் தென்காசிப் பக்கம் லேப் டெக்னீஷியன். வெல்னஸ் வாரம்னாலே எல்லா ஆஸ்பத்திரியிலயும் முதல்ல நடக்கிறது ஸ்டாஃபுக்கு சுகர், கொலஸ்ட்ரால் பாக்கிறதுதான். பாருங்க, தப்பில்ல. ஆனா ரிசல்ட்டை எப்படிக் கொடுக்கப் போறீங்கன்னு முதல்லயே முடிவு பண்ணிக்குங்க. நான் முன்னால வேலை பாத்த ஒரு இடத்துல எல்லார் பேரையும் ஒரே பேப்பர்ல அடிச்சு மேசையில வச்சுட்டாங்க. சாயங்காலத்துக்குள்ள யாருக்கு சுகர், யாருக்கு ரத்தம் கம்மின்னு சைக்கிள் ஸ்டாண்டு வரைக்கும் தெரிஞ்சுபோச்சு. ஒரு பிள்ளைக்கு அப்பத்தான் கல்யாணம் பேசிட்டு இருந்தாங்க. மறு வருஷம் கேம்ப்புக்கு யாருமே கை நீட்டல. கவர்ல போட்டு ஒட்டி, அவங்கவங்க கையில கொடுங்க.

சுகரை விட அவசரமானது மஞ்சள் காமாலை பி தடுப்பூசி. மூணு ஊசி: இன்னைக்கு ஒண்ணு, ஒரு மாசத்துல ஒண்ணு, ஆறாவது மாசத்துல ஒண்ணு. நம்ம ஆளுங்க ரெண்டாவதோட நின்னுருவாங்க, “போட்டாச்சு”ன்னும் சொல்லிருவாங்க. மூணாவது போட்டு ஒண்ணு ரெண்டு மாசத்துல டைட்டர் (ரத்தத்துல எதிர்ப்புச் சக்தி அளவு) பாக்கணும், 10-க்கு மேல இருந்தா உடம்பு பிடிச்சுக்கிட்டதுன்னு அர்த்தம். குறைஞ்சிருந்தா திரும்பப் போடணும். நர்ஸுங்களுக்கு மட்டும் போட்டு நிறுத்தாதீங்க. கழிவு போடுற மஞ்சப் பையும் செவப்புப் பையும் தூக்குற ஹவுஸ்கீப்பிங் அக்காமாருக்கும் ஊசி குத்தும். யாரோ ஒருத்தர் வெள்ளை டப்பாவுல போட வேண்டிய ஊசியைப் பையில போட்டிருப்பாங்க, குத்துறது இவங்களுக்கு. 2016-ல வந்த மருத்துவக் கழிவு விதியிலயே இருக்கு: கழிவைக் கையாளுற எல்லாருக்கும் மஞ்சள் காமாலை பி, டெட்டனஸ் தடுப்பூசி போடணும், வருஷத்துக்கு ஒரு தடவையாவது உடம்பு பரிசோதிக்கணும். செயலாளர் ‘செலவு’ன்னு இழுத்தா இதைக் காட்டுங்க.

ஊசி குத்தினா என்ன செய்யணும்னு ஒரு அட்டை அடிச்சு எல்லா வார்டுலயும் தொங்க விடுங்க. சோப்புத் தண்ணியில கழுவணும், பிதுக்கக் கூடாது, உடனே கேஷுவாலிட்டிக்குச் சொல்லணும். ஹெச்.ஐ.வி. தடுப்பு மாத்திரை தேவைன்னா ரெண்டு மணி நேரத்துக்குள்ள ஆரம்பிக்கிறது நல்லது, 72 மணி நேரம் தாண்டினா பிரயோஜனம் இல்ல, 28 நாள் சாப்பிடணும். அட்டையில ‘இதைச் சொன்னதுக்காக யாரையும் திட்ட மாட்டோம்’னு ஒரு வரி சேத்துடுங்க. திட்டுக்குப் பயந்துதான் மறைக்கிறாங்க.

---

ரிட்டயர்டு மேட்ரன் எழுதியது:

தாயி, உன் எழுத்தைப் பாத்தா வேலை செய்யக்கூடிய பிள்ளையாத் தெரியுது. அதனால கொஞ்சம் நீட்டி எழுதுதேன்.

செய்திப் பக்கத்தை அழகா கம்ப்யூட்டர்ல அடிச்சு வாட்ஸப்புல போட்டா யாரும் பெரிசாக்கிப் படிக்க மாட்டாங்க. எங்க காலத்துல கைரேகை வைக்கிற மெஷினுக்கு மேல ஒரு சார்ட் ஒட்டுவோம். வரிசையில நிக்கும்போது எல்லாரும் வாசிப்பாங்க, சமையல்கட்டுல உள்ளவங்களுக்கு யாராவது வாசிச்சுச் சொல்லுவாங்க. பேர் போடும்போது ஒரே மாதிரி போடு. டாக்டருக்கு மட்டும் முழுப் பேரும் படிப்பும், ஹவுஸ்கீப்பிங்குக்கு வெறும் ‘ஆயா’ன்னு போடாதே. உங்க லேபர் வார்டு ஆயாம்மாவுக்குப் பேர் உண்டுல்லா? அந்தப் பேரைக் கேட்டு எழுது. அவ கைக்கு எத்தனை பிள்ளைங்க வந்திருக்கும், அதுல எத்தனை பேர் பெறவு தன் பிரசவத்துக்கு அங்கயே வந்திருப்பாங்க! இந்த மாசத்துத் தலைப்புச் செய்தியே அவதான். போட்டோவுக்கு அவளை ஓரத்துல நிக்க வைக்காதே, நடுவுல நாற்காலி போடு.

போடுறதுக்கு முன்னால சம்பந்தப்பட்ட ஆள்கிட்ட ஒரு வார்த்தை கேளு. ரெட்டைப் பிள்ளைன்னு நமக்குச் சந்தோஷம், அவங்க வீட்டுல கண்ணு படும்னு நினைப்பாங்க. யாருக்கு ஆபரேஷன், யார் எதுக்கு மெடிக்கல் லீவுன்னு எக்காரணம் கொண்டும் வரக்கூடாது. யார் எத்தனை கிலோ குறைச்சாங்கன்னு போட்டி வைக்கச் சொல்லுவாங்க, அதையும் சேக்காதே. எம்.ஆர்.பி. கிடைச்ச பிள்ளையைக் கண்டிப்பாப் போடு. உங்க அண்ணாச்சி மறைச்சா மட்டும் யாருக்கும் தெரியாதாக்கும்? அந்தப் பிள்ளை முதல் சம்பளம் வாங்கும் முன்னாடியே ஹாஸ்டல் பூரா தெரிஞ்சிரும். “எங்ககிட்டப் படிச்சு வளந்த பிள்ளை”ன்னு போட்டா ஆஸ்பத்திரிக்குத்தான் பெருமை.

இனி வெல்னஸுக்கு வாரேன். ஆகஸ்ட்ங்கே. அது ஆடியில பாதி, ஆவணியில பாதி. நம்ம சீமையில ஆடின்னா கொடை. செவ்வாயும் வெள்ளியும் சுடலை கோயில்லயும் அம்மன் கோயில்லயும் மேளம் கொட்டும், பாதி ஸ்டாஃப் ‘வயித்து வலி’ன்னு லீவு எழுதிக் கொடுக்கும். வருஷ ஆரம்பத்துலயே ஒரு நோட்டு போட்டு அவங்கவங்க ஊர்க் கொடை தேதி, எங்க கிறிஸ்தவ ஆளுகளுக்கு அசனத் (சர்ச் விருந்து) தேதி, கிறிஸ்மஸ், மேலப்பாளையத்துப் பிள்ளைகளுக்கு நோன்பு நாள்னு எழுதி வாங்கினேன். அதை வச்சு டூட்டி போட்டேன். கொடைக்குப் போற பிள்ளைக்காக அசனத்துக்குப் போற பிள்ளை நின்னுச்சு, அதுக்கு இது நின்னுச்சு. நோன்புக்காரப் பிள்ளைக்குச் சாயங்கால டூட்டின்னா திறக்குற நேரத்துக்குக் கால் மணி நேரம் இன்னொருத்தி நிப்பா. கஞ்சி எல்லாருக்கும் வரும், அது வேற விஷயம். வயித்து வலி லீவு பாதிக்குப் பாதி குறைஞ்சுபோச்சு. நீ கேட்ட வெல்னஸுக்கு என் பதில் இந்த நோட்டுதான்.

2023 டிசம்பர் 17, 18 வெள்ளம் ஞாபகம் இருக்கும். ஆத்துல தண்ணி வந்து ஸ்ரீவைகுண்டம், ஏரல் பக்கம் எல்லாம் துண்டாப் போச்சு. உள்ள இருந்தவங்க வெளிய போக முடியல, வெளிய இருந்தவங்க உள்ள வர முடியல. நான் அப்போ ரிட்டயர் ஆயிட்டேன். ஆனா எனக்குத் தெரிஞ்ச ஒரு ஆஸ்பத்திரியில அந்த ரெண்டு நாளுக்கும் வர முடியாதவங்களுக்கு ஆப்சென்ட் போட்டு, சம்பளத்தையும் பிடிச்சுட்டாங்க. உள்ள மாட்டிக்கிட்டு மாத்து ஆள் இல்லாம தொடந்து வேலை பாத்தவங்களுக்கு ஒரு நன்றிக் கடுதாசி கூட இல்ல. இன்னைக்கும் அந்தப் பிள்ளைங்க அதைத்தான் சொல்லுதாங்க. அவங்ககிட்டப் போயி யோகா பாய் விரிச்சா எப்படி உக்காருவாங்க?

ஆகஸ்ட் 1-ல இருந்து 7 வரை தாய்ப்பால் வாரம் வருது. நீங்களும் நாடகம் போடுவீங்க, கோலம் போடுவீங்க. ஆறு மாச பேறுகால லீவு முடிஞ்சு திரும்பி வந்த உங்க சொந்த சிஸ்டர் எங்க போயி பால் பீச்சுதான்னு கேட்டுப் பாரு. கக்கூஸ்லதான் இருக்கும். பிள்ளைக்கு 15 மாசம் ஆகுற வரைக்கும் பால் கொடுக்க தினம் ரெண்டு தடவை இடைவேளை சட்டத்துலயே உண்டு. 50 பேருக்கு மேல வேலை பாக்குற இடத்துல பிள்ளைகளைப் பாத்துக்கிட ஒரு அறையும் வேணும். உங்க ஓ.பி. பக்கத்துல பழைய ஃபைல் அடைச்ச ரூம் ஒண்ணு கிடக்குமே? அதை ஒழிச்சு, உள்பக்கம் தாப்பாள் போட்டு, நாற்காலியும் ஒரு சின்ன ஃபிரிட்ஜும் வை. அந்த ஒரு வாரத்துல இது மட்டும் நடந்தாலும் போதும்.

மனசு சரியில்லாதவங்களுக்கு உங்க ஆஸ்பத்திரி கவுன்சிலர்கிட்டப் போன்னு சொல்லாதே. ரெக்கார்டு ரூம்ல உள்ளவனுக்குத் தெரியும்னு ஒருத்தி கூடப் போக மாட்டா. டெலி மனஸ்னு மனநல ஆலோசனைக்கு கவர்ன்மெண்ட் போன் நம்பர் இருக்கு, 14416, இருபத்திநாலு மணி நேரமும் உண்டு, தமிழ்ல பேசலாம், இலவசம். அந்த நம்பரை பாத்ரூம் கதவுக்கு உள்பக்கம் ஒட்டு. வெளிய ஒட்டினா குறிச்சுக்கிட வெக்கப்படுவாங்க.

---

கேன்டீன் கடைசி மேசை எழுதியது:

சிறுதானிய பிஸ்கட் மட்டும் வாங்கிக் கொடுத்துராதீங்க. எல்லா வெல்னஸ் வாரத்துலயும் அதைத்தான் கொடுக்காங்க, மண்ணு மாதிரி இருக்கும். ஒரு மத்தியானம் உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும் போடுங்க. தோல் உளுந்து, பூண்டு, வெந்தயம், தேங்கா, அவ்வளவுதான். நின்னு நின்னு இடுப்பு போனவங்களுக்கு வேற என்ன வேணும்? ஆனா நைட் டூட்டிக்காரங்களுக்கும் எடுத்து வைக்கணும், இல்லன்னா சண்டை வரும்.

---

மேல்மாடி ஆபீஸ் எழுதியது:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. மேட்ரன் அம்மா, உங்க பதிலை அப்படியே பிரிண்ட் எடுத்து அண்ணாச்சிகிட்டக் கொடுத்தேன். வெள்ளத்தைப் பத்தி வாசிக்கும்போது ஒண்ணும் பேசல, அந்த வருஷ வருகைப் பதிவேட்டை எடுத்துட்டு வரச் சொன்னாவ. என்ன செய்யப் போறாவன்னு தெரியல.

முடிவானது இது: தடுப்பூசி எல்லாருக்கும் உண்டு, ஹவுஸ்கீப்பிங்ல இருந்து ஆரம்பம். ரத்தப் பரிசோதனை மத்தியானம் டூட்டி மாறுற 1.30-க்கு, ரிசல்ட் ஒட்டின கவர்ல. நைட்டுக்கு சுக்குக் காப்பி பிளாஸ்க் ரெண்டு. ஃபைல் ரூமைத் திறந்து பாத்தோம், உள்ள பழைய எக்ஸ்ரே ஃபிலிம் கூரை வரைக்கும் இருக்கு, அதை யார் எடுக்கிறதுன்னு இன்னும் பேச்சு ஓடுது. வார்டுல பத்து நிமிஷம் மாத்தி உக்காரதுக்கு நைட் சூப்பர்வைசர் மூஞ்சியைத் தூக்கிட்டா, அவகிட்டத் தனியாப் பேசணும். கொடை நோட்டு போட்டாச்சு. முதல்ல எழுதினது செயலாளர் அண்ணாச்சிதான், அவிய ஊர்க் கொடை ஆடிக் கடைசி வெள்ளியாம்.

எம்.ஆர்.பி. செய்திக்கு மட்டும் இன்னும் தலையசைக்கல. ஆயாம்மா செய்திக்குக் கீழ சின்ன எழுத்துல போட்டுரலாம்னு இருக்கேன்.

தகடுக்கார அண்ணன், அந்த அட்டைக்குத் தமிழ்ல வாசகம் எழுதித் தர முடியுமா? ஹவுஸ்கீப்பிங் அக்காமாருக்கு வாசிக்க வசதியா, பெரிய எழுத்துல, நாலஞ்சு வரிக்குள்ள இருக்கணும்.