கிச்சிலிச் சம்பாவும் கமலாவும்: எந்த விதை வயலுக்கு வர வேண்டும்?

ஊத்துக்கோட்டை வயல் (பெரம்பூர்)

2025 மே மாதத்தில் ஒன்றிய அரசு மரபணுத் திருத்தம் (செடியின் சொந்த மரபணுவில் குறித்த இடத்தை மட்டும் மாற்றுவது) செய்யப்பட்ட இரண்டு நெல் ரகங்களை அறிவித்தது. அவற்றுள் ஒன்றான கமலா, அரிசிக் கடைகளில் பிபிடி என்று நாம் கேட்டு வாங்கும் சம்பா மசூரியிலிருந்து உருவாக்கப்பட்டது. தாய் ரகத்தைவிடச் சுமார் 20 நாள் முன்னதாக அறுவடைக்கு வரும், விளைச்சலும் கூடும் என்கிறார்கள். ஊத்துக்கோட்டைக்கு அருகே எங்கள் குடும்பத்துக்குக் கொஞ்சம் நஞ்சை இருக்கிறது. அண்ணன் வரும் சம்பாப் பட்டத்தில் கிச்சிலிச் சம்பா என்னும் பழைய நெல்லைத்தான் போட வேண்டும் என்கிறார். எனக்கோ விதை கிடைக்கும்போது கமலாவைப் போட்டுப் பார்க்க ஆசை. இரு தரப்பு நியாயங்களையும் அறிந்தவர்கள் எழுதினால் நன்று.

கிச்சிலி விரும்பி (மயிலாப்பூர்)

பாரம்பரிய அரிசி விற்பவன் என்ற முறையில் என் சார்பு எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நின்ற பயிரில் நல்ல கதிராகப் பார்த்து ஒதுக்கி, கலந்து நிற்கும் வேறு ரகச் செடிகளைக் களைந்து, விதைக்கோட்டை கட்டி, அடுத்த பட்டத்துக்கு எடுத்து வைத்த உழவர்கள்தான் நம் நெல்லை உருவாக்கினார்கள். வெள்ளத்துக்கு ஒன்று, வறட்சிக்கு ஒன்று, உவர் நிலத்துக்கு ஒன்று என்று ஊருக்கு ஊர் ரகங்கள் இருந்ததற்கு அதுவே காரணம். புதிய ரகங்களின் தீமை அவற்றின் விளைச்சலில் இல்லை. எல்லா வயலிலும் ஒரே செடி நிற்கும் நிலையை அவை உண்டாக்குவதில்தான் இருக்கிறது. பசுமைப் புரட்சியை முன்னின்று நடத்திய எம்.எஸ். சுவாமிநாதனே 1968-ஆம் ஆண்டு வாரணாசியில் நடந்த அறிவியல் மாநாட்டில், பல உள்ளூர் ரகங்களை அகற்றிவிட்டு ஓரிரு ரகங்களைப் பரந்த நிலப்பரப்பில் பயிரிட்டால் நோய் மொத்தமாக வாரிக்கொண்டு போகும் என்று எச்சரித்தார். இரண்டே ஆண்டுகளில், 1970-இல், அமெரிக்க மக்காச்சோளத்தில் அது நடந்தது. மகரந்தம் உண்டாகாத ஆண்மலட்டுத் தன்மைக்காக, ஒரே வகைச் சைட்டோபிளாசம் என்னும் உயிரணுக் கூழைப் பெரும்பாலான வீரிய விதைகளிலும் புகுத்தியிருந்தார்கள். அதையே குறிவைத்த இலைக்கருகல் பூஞ்சை, நாட்டு விளைச்சலில் ஏறத்தாழ 15 சதவீதத்தைத் தின்றது.

தரமணி வாசகர்

ஐயா, எச்சரிக்கை சரி. நீங்கள் ஏந்தியிருக்கும் கொடிதான் பொருந்தவில்லை. நீங்கள் விற்கும் கிச்சிலிச் சம்பா, கோயம்புத்தூர் நெல் ஆராய்ச்சி நிலையம் 1921-இல் வெளியிட்ட ஜிஇபி 24 என்னும் ரகமே. கோணமணி என்ற நெல்லில் தானாகத் தோன்றிய ஒரு திடீர் மாற்றத்தை அங்கிருந்த தாவரவியலாளர்கள் கண்டுபிடித்துத் தனியே பெருக்கினார்கள். அதே ஜிஇபி 24-ஐயும், தைச்சுங் நேட்டிவ் 1 என்னும் தைவான் குட்டை நெல், மசூரி ஆகியவற்றையும் ஒட்டுச் சேர்த்து ஆந்திரத்தின் பாபட்லாவில் உருவானதுதான் பிபிடி 5204, அதாவது கமலாவின் தாயான சம்பா மசூரி. ஆக, ஊத்துக்கோட்டை நண்பரும் அவருடைய அண்ணனும் சண்டை போட்டுக்கொள்வது ஒரே வம்சத்துப் பாட்டிக்கும் பேத்திக்கும் இடையே. (நம் பொன்னியின் பூர்வீகம் மலேசியா என்பதையும் இங்கே யாரும் நினைப்பதில்லை.)

இரண்டு ரகங்களை ஒட்டுச் சேர்ப்பது எப்படி நடக்கிறது என்று பாருங்கள். மாலையில், மறுநாள் பூக்கவிருக்கும் நெற்பூக்களின் நுனியைக் கத்தரித்து, ஒவ்வொன்றிலும் உள்ள ஆறு மகரந்தப் பைகளையும் இடுக்கியால் எடுத்துவிட்டு, கதிருக்கு எண்ணெய்த்தாள் உறை மாட்டுவார்கள். காலையில் ஆண் செடியின் கதிரைக் கொண்டுவந்து உறைக்குள் உதறுவார்கள். விளையும் சில மணிகளை விதைத்து, தலைமுறைக்குத் தலைமுறை பொறுக்கி, ரகம் நிலைபெற எட்டு, பத்து ஆண்டுகள் ஆகும். அத்தனை பாடுபட்டும், வேண்டிய ஒரு குணத்தோடு வேண்டாத நூறு மரபணுக்களும் ஒட்டிக்கொண்டு வரும். காமாக் கதிரைப் பாய்ச்சி உருவாக்கிய ரகங்களிலோ எங்கெங்கே என்ன உடைந்தது என்பது யாருக்கும் தெரியாது. சர்பதி சொனோரா கோதுமை 1960-களில் அப்படித்தான் வந்தது, யாரும் அஞ்சவில்லை. கமலாவில் செய்ததோ, சைட்டோகைனின் என்னும் வளர்ச்சி ஊக்கியைச் சிதைக்கும் ஒரு நொதியின் மரபணுவைத் திருத்தியது மட்டுமே. அந்த ஊக்கி மிஞ்சினால் கதிரில் மணிகள் கூடும். அதே மரபணு மந்தமாக இயங்கும் நெல் இயற்கையிலேயே உண்டு. அயல் உயிரின் மரபணு எதுவும் இதில் இல்லை.

கிச்சிலி விரும்பி (மயிலாப்பூர்)

கிச்சிலியின் பிறப்பு எனக்குத் தெரியும். என் வாதத்துக்கு அதுவே பலம். அரசு நிலையம் ஒன்று அந்த விதையை உழவன் கையில் கொடுத்தது. நூறு ஆண்டுகளாக அவன் எடுத்து வைத்தான், பக்கத்து ஊருக்குக் கொடுத்தான், யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. கமலாவை உருவாக்கியதும் அரசு நிலையம்தான் என்றாலும், அதற்குப் பயன்பட்ட கிரிஸ்பர் என்னும் மரபணு வெட்டுக் கருவியின் மூலக் காப்புரிமைகள் பெரும்பாலும் வெளிநாட்டு நிறுவனங்களிடம் இருக்கின்றன. 2022 மார்ச்சில் வந்த ஆணையோ, இத்தகைய எளிய திருத்தங்களுக்கு மரபணு மாற்றப் பயிர்களுக்கான கடுமையான விதிகளிலிருந்து விலக்கு அளித்துவிட்டது. என் கடைக்கு வரும் ஓர் அம்மாள், "இது திருத்தியதா, திருத்தாததா?" என்று கேட்டால், மூட்டையைப் பார்த்து நான் என்ன சொல்வது?

மாதவரம் கால்நடை மருத்துவர்

நெல்லையே பேசிக்கொண்டிருக்கிறீர்கள், மாட்டைப் பார்த்தால் வழக்கு வேறு விதமாகத் தெரியும். கால்நடைகளின் பன்மையைக் குறைத்ததில் மரபணுத் திருத்தத்துக்கு இதுவரை எந்தப் பங்கும் இல்லை. அதைச் செய்தது, எல்லாரும் பழகிப்போன சினை ஊசி. ஊர்ப் பொலிகாளையால் ஓர் ஆண்டில் சில பத்துப் பசுக்களைத்தான் சேர முடியும். உறைவிந்து வந்தபின் ஒரு காளைக்கு ஆயிரக்கணக்கில் கன்றுகள் பிறக்கின்றன. 1962-இல் பிறந்த அர்லிண்டா சீஃப் என்ற, ஹோல்ஸ்டீன் என்னும் கறவை இனக் காளையின் மரபணுக்கள், அமெரிக்காவில் அந்த இன மாடுகளின் மரபுத்தொகையில் 14 சதவீதம் அளவுக்குப் பரவின. பாலைப் பெருக்கிய அந்தக் காளையிடம் ஒரு பழுதுபட்ட மரபணுவும் இருந்தது. தாய் வழியிலும் தந்தை வழியிலும் அதைப் பெற்ற கரு வயிற்றிலேயே இறந்துபோகும். உலகெங்கும் அப்படி அழிந்த கருக்கள் 5 லட்சம் இருக்கலாம் என்று கணக்கிட்டார்கள். அது எந்த மரபணு என்று கண்டறிந்து, இன்று அந்தப் பழுதுள்ள காளைகளை ஒதுக்க உதவுவதும் மரபணுச் சோதனைதான்.

ஆனால் தரமணி நண்பர் நினைப்பதுபோல் குறிப்பிட்ட குணத்தை மட்டும் மேம்படுத்துவது எளிதன்று. முட்டைக்காகத் தேர்ந்தெடுத்த கோழி அடை உட்காருவதை மறந்துவிடும். அடை உட்காரும் நாட்டுக் கோழி ஒன்றின் அடியில் அந்தக் கோழியின் முட்டைகளை வைத்தோ, பொரிப்பான் வாங்கியோதான் குஞ்சு எடுக்க வேண்டும். புழக்கடையில் நாலு கோழி வளர்க்கும் குடும்பத்துக்கு அது நட்டம், பண்ணைக்கு அது லாபம். காங்கேயம் மாட்டைக் கொரங்காடு என்னும் கொங்கு மேய்ச்சல் நிலத்திலிருந்து பிரித்தால் அதன் பாதிப் பெருமை போய்விடும் என்பதும் அப்படித்தான்.

தரமணி வாசகர்

மருத்துவர் சொல்வதை ஏற்கிறேன். அதனால்தான் குறிப்பான கருவி வேண்டும் என்கிறேன். ஒடிசாவின் எஃப்ஆர்13ஏ என்னும் நெல் இரண்டு வாரம் நீரில் மூழ்கினாலும் பிழைக்கும். மற்ற நெல் மூச்சுக்குத் தவித்து உயர ஓடி, சேமித்த மாவுச்சத்தைக் கரைத்துச் சாகும். எஃப்ஆர்13ஏவோ வளர்ச்சியை நிறுத்திக்கொண்டு காத்திருந்து, நீர் வடிந்தபின் துளிர்க்கும். பழைய முறையில் ஒட்டுச் சேர்த்தபோது வெள்ளம் தாங்கிய பயிருக்கு அரிசியின் தரமும் விளைச்சலும் குறைவாகவே இருந்தன. வெள்ளம் தாங்கும் திறனைத் தரும் சப்1ஏ மரபணுவை அடையாளம் கண்டு, அது எந்தச் செடியில் இருக்கிறது என்று காட்டும் மரபணுக் குறியீட்டின் துணையோடு அதை மட்டும் பிரித்துச் சேர்த்தபின்தான் ஸ்வர்ணா என்னும் நெல்லின் வெள்ளம் தாங்கும் வடிவமான ஸ்வர்ணா சப்1 2009-இல் வந்தது. நம் சிஆர் 1009 நெல்லுக்கும் அப்படியே சப்1 வடிவம் வந்திருக்கிறது.

விதை உரிமை குறித்தும் ஒரு சொல். 2001-ஆம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டம், பாதுகாக்கப்பட்ட ரகத்தின் விதையைக்கூட எடுத்து வைக்கவும், விதைக்கவும், வணிகப் பெயரிடாமல் விற்கவும் உழவருக்கு இடம் தருகிறது. கமலா வீரிய ஒட்டு விதையும் அன்று. அறுத்ததை அப்படியே அடுத்த பட்டத்துக்கு விதைக்கலாம்.

கிச்சிலி விரும்பி (மயிலாப்பூர்)

சட்டம் இருக்கிறது, மறுக்கவில்லை. அப்படியானால் கருவிக்கான உரிம ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதை வெளியிடட்டும், மூட்டையில் திருத்திய ரகம் என்று அச்சிடட்டும். எஃப்ஆர்13ஏ எந்த நாட்டு நெல்லிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டதோ, அந்தத் தளபுட்டியாவைக் காத்த ஒடிசா உழவர்களுக்கு என்ன கிடைத்தது என்றும் யாராவது சொல்லட்டும். அதுவரை என் கடையில் கமலாவுக்கு இடமில்லை.

ஊத்துக்கோட்டை வயல் (பெரம்பூர்)

அண்ணனிடம் எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். மேட்டு மடையில் கிச்சிலி, ஐப்பசி மழையில் தண்ணீர் நிற்கும் பள்ளத்து மடையில் சிஆர் 1009 சப்1 என்று முடிவாகியிருக்கிறது. கமலாவைப் பற்றி விதை கைக்கு எட்டும்போது பேசிக்கொள்வோம் என்கிறார். நாற்று எப்போது விட வேண்டும்?

தரமணி வாசகர்

ஆகஸ்ட் மாதத்திலேயே விட்டுவிடுங்கள். 155 நாள் பிடிக்கும் ரகம். தள்ளிப்போட்டால் வடகிழக்குப் பருவமழை இறங்கும்போது நடவுப் பயிர் வேரூன்றியிருக்காது.